மலையிடம் பட்ட கடன்

அரசுக் கோப்புகளில் மலைக்கு நிரந்தரமாக ஓர் அடைமொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘பின்தங்கிய’. பின்தங்கிய பகுதி, பின்தங்கிய மக்கள், பின்தங்கிய பொருளாதாரம். ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1970களின் நடுவில், மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் நீலகிரிக்கு வந்தது. மண் அரிப்பைத் தடுப்பது, சாலை போடுவது, குடிநீர் கொண்டுவருவது, தோட்டக்கலையை வளர்ப்பது என்று பல துறைகளின் வேலைகளுக்கு அதிலிருந்து பணம் போனது. அதற்கு முன்னும் பின்னும் வந்த திட்டங்கள் ஏராளம். அவற்றில் நல்லவை உண்டு. அவற்றால் பிழைத்த குடும்பங்களும் உண்டு. அதை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. நான் கேட்க விரும்புவது அதற்கு முந்தைய ஒரு கேள்வி. சமவெளியிலிருந்து மலை ஏறும் அந்தப் பணத்துக்கு என்ன பெயர்? உதவியா, கடன் அடைப்பா?

இது வெறும் சொற்சண்டை அல்ல. உதவி செய்பவருக்குச் சில சலுகைகள் இருக்கின்றன. எதை, எப்போது, எவ்வளவு, யாருக்கு என்று அவரே தீர்மானிக்கலாம். பாதியில் நிறுத்தலாம். வாங்கியவர் நன்றியோடு இருக்கிறாரா என்று பார்க்கலாம். கடன் அடைப்பவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. கொடுத்தவர் கேட்கும்போது கொடுக்க வேண்டும். தாமதமானால் தலைகுனிய வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஊர்ப் பெருமை கொஞ்சம் அதிகம். யார் தயவும் இல்லாமல் உழைப்பால் உயர்ந்த ஊர் என்போம். உழைத்தது உண்மைதான். ஆனால் 1930களில் இங்கே பஞ்சாலைகள் அடுத்தடுத்து எழுந்ததற்குக் கரிசல் பருத்தியும் முதலாளிகளின் சாமர்த்தியமும் மட்டும் காரணமல்ல. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்தது. மலையிலிருந்து இறங்கிய அந்த மின்சாரம்தான் ஆலைகளின் கதிர்களைச் சுழற்றியது. பிறகு தோட்டத்துக் கிணறுகளின் மோட்டார்களையும் ஓட்டியது. அடுத்து, கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டம் வந்தது. தெற்கே ஆனைமலையில், தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கம் பெய்யும் மழையை, அணைகள் கட்டி, சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பிக்கொண்டோம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தால் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் மூன்றரை லட்சம் ஏக்கருக்கும் மேல் பாசனம் பெறுகிறது. பொள்ளாச்சித் தேங்காய் என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குள் ஆனைமலையின் தண்ணீர் இருக்கிறது. நகரத்துக் குடிதண்ணீரும் சிறுவாணியும் பில்லூரும் தருவது.

தண்ணீரும் மின்சாரமும் மட்டுமல்ல. நீலகிரியின் புல்வெளிகளை ‘தரிசு’ என்று கணக்கெழுதி, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழுக்காகக் கற்பூர மரமும் நட்டார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம் அது. எருமைக்கு மேய்ச்சல் குறைந்தது. தோடர் வாழ்க்கை சுருங்கியது. பிறகு அவர்களும் ‘பின்தங்கிய’ பட்டியலில் சேர்ந்தார்கள். முதலில் எடுத்துக்கொள்வது, பிறகு இல்லாதவர் என்று பெயர் வைப்பது, அதன்பின் கொடுப்பவராக வந்து நிற்பது. இந்த வரிசையைக் கவனித்தால் ‘உதவி’ என்ற சொல் நாக்கில் ஒட்டாது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. காலை நான்கரை மணிக்கு எழுந்து, சமைத்து, துவைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒருத்தியைப் பற்றி வீட்டிலேயே சொல்வார்கள்: “அவ வீட்ல சும்மாதாங்க இருக்கறா.” மாதக் கடைசியில் அவள் நூறு ரூபாய் கேட்டால் அது ‘அவர் கொடுப்பது’. வாங்குகிறவள் அவள். அவள் கொடுத்தது எந்த நோட்டிலும் ஏறவில்லை. அவள் வாங்கியது மட்டும் ஏறுகிறது. குடும்பத்தின் கணக்கு நோட்டும் திட்டக் குழுவின் அறிக்கையும் ஒரே முறையில் எழுதப்படுகின்றன. கொடுப்பவர் வாங்குபவராக்கப்படும் முறை அது.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. மலையும் பெண்ணும் ஒன்று, மலை நம் தாய், தாய் கொடுத்துக்கொண்டே இருப்பாள் என்று பாடத் தொடங்கிவிடுவது. சுற்றுச்சூழல் மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒன்றைத் தாய் என்று அழைத்துவிட்டால் அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் பண்பாட்டின் பழைய வசதி. தாயின் உழைப்புக்கு யார் கூலி கணக்கிட்டார்கள்? மலை பெண் அல்ல. மலையில் பெண்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது அவர்களுடைய கணக்கை.

தமிழ் இலக்கியம் இந்தக் கணக்கை விசித்திரமாகக் கையாண்டிருக்கிறது. குறிஞ்சித் திணையின் தலைவி தினைப்புனம் காக்கிறாள். தழல், தட்டை, குளிர் என்று அவள் கிளி ஓட்டும் கருவிகளின் பெயர்களைக்கூடக் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. விளையும் பயிரைக் காப்பது முழு உழைப்பு. ஆனால் நமக்கு அது காதலின் பின்புலம். தலைவன் வந்து நிற்பதற்கான இடம். கவிதை அவள் காத்திருப்பை அளந்தது, காவலை அளக்கவில்லை. பிற்காலத்துக் குறவஞ்சியில் குறத்தி மலையிலிருந்து இறங்கி வருகிறாள். தன் மலைவளத்தை அவளே எடுத்துச் சொல்வது அந்த இலக்கிய வகையின் கட்டாய உறுப்பு. அதை எழுதியவர்கள் சமவெளிப் புலவர்கள்; கேட்டு மகிழ்ந்தவர்கள் சமவெளிப் பிரபுக்கள். அந்த அலங்காரத்தை அப்படியே நம்ப வேண்டாம். இருந்தாலும் ஒரு வித்தியாசம் மனத்தை உறுத்துகிறது. கற்பனையில்கூடக் குறத்தி ‘என்ன இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டுதான் ஊருக்குள் நுழைந்தாள். இன்றைய மலைப் பெண் ஒரு விண்ணப்பத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குள் நுழையும்போது ‘என்ன இல்லை’ என்று மட்டுமே எழுத வேண்டியிருக்கிறது.

இதை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது வால்பாறைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி சொன்னாள்: “மேம், எங்கம்மாகிட்ட மலைவளம் கேட்டா இன்னைக்கு எத்தனை கிலோன்னுதான் சொல்வாங்க.” வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கொழுந்தின் எடையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்துவிட்டு எழுதுவார்கள்; அதிலிருந்து அம்மாவின் கணக்கு தொடங்கும் என்று விளக்கினாள்.

வால்பாறை மலைப்பாதையில், கவர்க்கல் அருகே, ஆனைமலையில் தோட்டங்களை உருவாக்கிய கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டித் தேயிலை நட்டு, மலேரியாவில் மடிந்தவர்களின் கதையை டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் நாம் படிக்க அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலையின் செல்வத்தில் கொழுந்து பறிப்பவை பெரும்பாலும் பெண்களின் கைகள். ‘பெண்களின் விரல்தான் மெல்லியது, கொழுந்துக்கு ஏற்றது’ என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். மெல்லிய விரல்கள் கணக்கு எழுதவும் மேற்பார்வை பார்க்கவும் ஏன் ஏற்றவை ஆகவில்லை என்று யாரும் கேட்டதில்லை. எடை எழுதுபவரும் மேஸ்திரியும் தொழிற்சாலையின் நல்ல வேலைக்காரரும் பெரும்பாலும் ஆண்கள்.

அரசே தோட்ட முதலாளியான கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே ‘கடன்’ என்ற சொல் நேரடியாகப் பொருந்தும். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று இரு நாட்டுத் தலைவர்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்களுக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். அவர்களில் பலருக்கு வேலை கொடுக்க, 1968இல் தமிழ்நாட்டு வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், நம் வாயில் டான்டீ, ஆனது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர், வால்பாறை என்று அதன் தோட்டங்கள் பரவின.

டான்டீ பல குடும்பங்களைக் காப்பாற்றியது. மண்டபம் முகாமில் இறங்கி, எங்கே போவது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு வேலையும் கூரையும் கொடுத்தது. ஆனால் கூரை வேலையோடு கட்டப்பட்டிருந்தது. லயன் வீடு கழகத்துடையது. கைகள் கொழுந்து பறிக்கும்வரை அது உங்களுடையது. முப்பது ஆண்டு, முப்பத்தைந்து ஆண்டு பறித்துவிட்டு ஓய்வு பெறும் பெண்ணுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். அவளுக்கு ஊர் எது? கண்டியா, கோத்தகிரியா, பாட்டனார் கப்பல் ஏறிய புதுக்கோட்டைக் கிராமமா? வாழ்நாள் முழுக்க அரசிடமே உழைத்த ஒருத்திக்கு ஒரு சென்ட் நிலம்கூடச் சேரவில்லை என்றால், அவளுக்குச் செய்யப்பட்டதை மறுவாழ்வு என்று சொல்லலாமா?

2022இல் டான்டீயின் நிலத்தில் ஏறத்தாழ 2,150 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. கழகம் தொடர்ந்து நட்டத்தில் இருக்கிறது என்பது காரணம். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். இந்த விவாதத்தில் ‘நட்டம்’ என்ற சொல்லை எல்லோரும் எளிதாகப் பயன்படுத்தினார்கள். லாபத்துக்காகத் தொடங்கிய நிறுவனத்தை நட்டத்தால் அளக்கலாம். இரண்டு அரசுகள் சேர்ந்து இடம்பெயர்த்த மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கிய நிறுவனத்தை எந்தத் தராசில் நிறுப்பது? கடனைத் திருப்பிக் கொடுப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று யாரும் சொன்னால் நம் ஊரில் அதற்கு வேறு பெயர்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதைத் தாண்டிப் போகக் கூடாது. அந்த நிலம் முன்பு காடு. யானைகள் நடந்த பாதை. பணியர், குறும்பர் போன்ற பழங்குடிகள் வாழ்ந்த பகுதி. ஒரு மக்களுக்குப் பட்ட கடனை அரசு இன்னொரு மக்களின் காட்டை வெட்டி அடைத்தது. அப்படியானால் காடு காடாகத் திரும்புவதுதானே நியாயம்? நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் விலையை யார் கட்டுவது என்பது தனிக் கேள்வி. காட்டை அழித்துத் தேயிலை நடும் முடிவைக் கொழுந்து பறிப்பவள் எடுக்கவில்லை. மீண்டும் காடாக்கும் முடிவையும் அவள் எடுக்கவில்லை. இரண்டு முறையும் விலையை மட்டும் அவள் கட்டுகிறாள். மரத்துக்கும் யானைக்கும் இடம் திரும்பும்போது அவளுக்கு வீட்டு மனை முன்கூட்டியே எழுதித் தரப்படவில்லை என்றால், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறோம் என்றே பொருள்.

சிறு தேயிலை விவசாயிகளின் கதை வேறு மாதிரி. முடிவு அதே மாதிரி. நீலகிரியில் உருளைக்கிழங்கும் கோஸும் போட்டவர்களைத் தேயிலைக்குத் திருப்பியதில் அரசுக்கும் பங்குண்டு. 1965இல் தொடங்கிய இன்கோசர்வ் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை ஒரு குடைக்குக் கீழ் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் தென்னிந்தியத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் சோவியத் யூனியன். 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. இன்றுவரை குறைந்தபட்ச விலைக்கான போராட்டம் ஓயவில்லை. விலை வீழ்ந்த வீட்டில் முதலில் நடப்பது, கூலிக்கு ஆள் வைப்பதை நிறுத்துவது. அந்த ஆளின் வேலையைச் செய்பவள் வீட்டுப் பெண். நிலப் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருப்பதால் கூட்டுறவின் உறுப்பினரும் அவர். பணமும் அவர் கணக்குக்கு. சந்தையின் நட்டத்தைத் தாங்கியவள் சங்கத்தின் ஏட்டில் இல்லை.

தாங்க முடியாதபோது மலை இறங்குகிறார்கள். வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 95,000. 2011இல் ஏறத்தாழ 71,000. பத்தாண்டில் நான்கில் ஒரு பங்கு மக்கள் குறைந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவையின் ஆலைகளிலும் அந்தப் பெண்களைப் பார்க்கலாம். அவர்கள் விட்டுப்போன பாத்திகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். சிறுத்தை பயத்தில் மாலையானால் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவடைக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் சொன்ன நாடு இது.

கடன் என்று ஒப்புக்கொண்டால் நடைமுறையில் என்ன மாறும்? இரண்டு அரசாணைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2021 மே மாதம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மலைப் பேருந்துகள் அந்த வகையில் சேராததால் ஊட்டி, கொடைக்கானல், வால்பாறைப் பெண்களுக்கு அது 2024 வரை வரவில்லை. கெட்ட எண்ணம் காரணமல்ல. திட்டம் போடுபவரின் கண்ணில் ‘பெண்’ என்றால் சமவெளிப் பெண். மலைப் பெண் பிறகு நினைவுக்கு வருபவள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கோ ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். ‘உதவித் தொகை’ அல்ல, உரிமைத் தொகை. வீட்டில் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்று விளக்கமும் சொன்னார்கள். தொகை சிறிது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற புகார்களும் உண்டு. ஆனால் அந்தப் பெயரால் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. கிடைக்காத பெண் இப்போது கெஞ்சவில்லை, ‘ஏன் வரல?’ என்று கேட்கிறாள். சொல் மாறியதும் நிற்கும் தோரணை மாறுகிறது.

கடனை ஒப்புக்கொண்ட சட்டமும் ஒன்று நம்மிடம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே வரலாற்று அநீதியைச் சரிசெய்ய வந்ததாகச் சொல்கிறது. மணமானவர்களுக்கு உரிமைப் பட்டயம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத் தரப்பட வேண்டும். தனித்து வாழும் பெண் குடும்பத் தலைவி என்றால் அவள் பெயரிலேயே தர வேண்டும். கிராம சபைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாவது இருக்க வேண்டும் என்று விதி. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின் பயன் நீதிமன்ற உத்தரவொன்றால் 2008 தொடங்கி 2016 வரை முடங்கிக் கிடந்தது. அதற்குப் பின்னும் தானாக எதுவும் வரவில்லை. 2019 ஆகஸ்டு மழையில் ஆனைமலையின் கல்லார் குடியில் மண் சரிந்தபோது, அங்கிருந்த காடர் குடும்பங்களுக்குப் பழைய தோட்டக் குடியிருப்பில் இடம் ஒதுக்கினார்கள். தேயிலைக்கு நடுவே லயன் வீட்டில் அடைபட அவர்கள் விரும்பவில்லை. காட்டுக்குள் தாங்களே தேர்ந்தெடுத்த தெப்பக்குளமேட்டில்தான் குடியேறுவோம் என்றார்கள். பெண்கள் முன்னின்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான போராட்டத்துக்குப் பிறகு அந்த நிலம் கிடைத்தது.

அவர்களுக்கு வீடு கொடுக்க அரசு மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுத்த வீட்டை வேண்டாம் என்றவர்கள் அவர்கள். உதவி வாங்குபவர் கொடுத்ததை மறுத்தால் ‘திமிர்’ என்போம். கடன் கொடுத்தவர் ‘இது நான் கொடுத்ததற்கு ஈடல்ல’ என்றால் அது வழக்கு. அந்தக் காடர் பெண்கள் திமிர் பிடித்தவர்களாகப் பார்க்கப்படுவதைத் தாங்கிக்கொண்டு வழக்காளிகளாக நின்றார்கள்.

‘மலைக்குக் கடன்’ என்று பொதுவாகச் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. மலையில் எல்லோரும் ஒருவரல்ல. தோட்ட முதலாளி மலையில் இருக்கிறார், விடுதி கட்டுபவர் இருக்கிறார், சாலை ஒப்பந்தக்காரர் இருக்கிறார். மலைக்கு என்று ஒதுக்கும் பணம் அவர்களிடம் போய்ச் சேர வழிகள் நிறைய. சுற்றுலா வளர்ந்தால் மலை வளரும் என்கிறார்கள். விடுதி அறையைக் கூட்டுபவளின் சம்பளத்தில் அந்த வளர்ச்சியைத் தேடிப் பார்க்கலாம். கடன் என்றால் அதற்குக் கொடுத்தவரின் பெயர் வேண்டும். ஆகவே மலை மேம்பாட்டுக்கு இத்தனை கோடி என்று செய்தி வரும்போது சில கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். இதில் யார் பெயரில் பட்டா? எந்தக் கிராம சபை கூடியது, அதில் எத்தனை பெண்கள் வாய் திறந்தார்கள்? வேலை போன பிறகும் வீடு நிற்குமா? மறுப்பதற்கு அவளுக்கு உரிமை இருந்ததா?

மாணவிகள் சிலர் கேட்கலாம்: கோவையில் குழாயைத் திறக்கும் நான் இதில் என்ன செய்துவிட முடியும்? தண்ணீரைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் வீட்டில் ‘சும்மா இருக்கிறாள்’ என்ற சொல்லை ஏற்க மறுக்கும் நமக்கு, ‘பின்தங்கிய மலை’ என்ற சொல்லையும் ஏற்க மறுக்கும் கடமை இருக்கிறது. கடன் பட்டவர் முதலில் செய்ய வேண்டியது, கொடுத்தவரை ஏழை என்று அழைப்பதை நிறுத்துவது. அதற்குப் பிறகுதான் எவ்வளவு, எப்போது என்ற பேச்சு. அந்தப் பேச்சில் தொகையைச் சொல்ல வேண்டியவர்கள் மலையிலிருக்கும் பெண்கள்.